பிளஸ் ஒன் பட்டியலில் ஒரு நாவலைச் சேர்த்த கதை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். அரசுப் பாடநூலில் சிறுகதைகள் உண்டு, முழு நாவல் கிடையாது. பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நாவலையாவது படிக்கட்டும், ஒப்படைவுக்கான அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அதற்கு வைக்கலாம் என்று கேட்டேன். 'நல்லதுதானே' என்றார் தாளாளர். எந்த நாவல் என்று சொன்னதும் முகம் மாறியது.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. மீரானின் ஊரான தேங்காப்பட்டணம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் ஒரு முதலாளி, அவருக்கு அஞ்சி வாழும் ஜனம், மந்திரம் என்று சொல்லி ஏய்க்கும் ஒரு 'தங்கள்' (முஸ்லிம்கள் மதிக்கும் மதப் பெரியவர்). இவர்கள்தான் கதை.

"மதப் பிரச்சினை ஆயிரும் டீச்சர். யூனிவர்சிட்டியே பயப்படுது, நாம எம்மாத்திரம்?" என்றார். அவர் சொன்னது 2020-இல் நடந்தது. மாவோயிஸ்டுகளைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூலை, எதிர்ப்பு வந்ததும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. நான் பதிலுக்கு பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பைச் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கு உதவாது என்று தெரிந்தது. பிடிக்காதவர் புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே என்பதுதான் அங்கே வாதம். இங்கே நானே கட்டாயப்படுத்துகிறேன், மதிப்பெண் வேறு.

கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் வைத்துப் பேசுவது என்று முடிவானது. அங்கே சத்தம் போட்டவர்கள் யாரும் நாவலைப் படித்திருக்கவில்லை. ஒருவர் கையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு பக்கத்தின் படம். மீரான் அந்த ஊர்க்காரர், நாவல் முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில்தான் தொடராக வந்தது, 1988-இல் நூலானது என்று விளக்கியதும் பேச்சு கொஞ்சம் தணிந்தது.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு வாப்பா அப்புறம்தான் எழுந்தார். கடற்கரைக்காரர். "நாவல் நான் வாசிச்சதுதான் டீச்சர், நல்ல நாவல். ஆனா இத வாசிச்சிட்டு எனக்க மோள கிளாஸ்ல எவனாவது கேலி செஞ்சா? அவ ஒருத்திதான அங்க முஸ்லிம்?"

அன்று வந்த கேள்விகளில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். விடுமுறைக்குப் படித்துவிட்டு வாருங்கள் என்று கொடுத்தனுப்பினால் அவர் பயந்தது நடக்கும். இப்படிப்பட்ட நாவலைக் கட்டாயமாக்கினால் வகுப்பிலேயே நடத்த வேண்டும். இதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆகவே வாரம் ஒரு பீரியட் கேட்டு வாங்கினேன். முதல் வகுப்பில் நாவலைத் திறக்கவே இல்லை. அவரவர் வீட்டில் பாட்டியைப் பள்ளிக்கு அனுப்பினார்களா, அனுப்பாவிட்டால் தடுத்தது யார் என்று எழுதி வரச் சொன்னேன். எல்லாச் சாதியிலிருந்தும் எல்லா மதத்திலிருந்தும் ஒரு முதலாளி வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டார வழக்கு புரியாத இடங்களில் அவளே விளக்கினாள்.

வேண்டாம் என்பவர்களுக்கு அதே மதிப்பெண்ணுக்கு வேறொரு நாவலும் பட்டியலில் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை, வீட்டிலிருந்து ஒரு கடிதம் போதும். கேட்டு வந்தவர்கள் சிலர்தான், அதிலும் பாதிப் பேர் பக்கம் குறைவு என்று வந்தவர்கள்.