கோட் என்ற சொல் குறிப்பது எதை?

கோட் என்றதும் காலரும் பொத்தான்களும் வைத்துத் தைத்த, இடுப்புக்குக் கீழே இறங்கும் ஓர் உடைதான் பெரும்பாலோர் மனத்தில் தோன்றும். ஆனால் மழைக்கோட்டு, மருத்துவரின் வெள்ளைக் கோட், சுவருக்கு அடிக்கும் இரண்டு கோட் பெயிண்ட், மாத்திரையின் மேல் இருக்கும் கோட்டிங் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், துணியோ தையலோ வடிவமோ இவை அனைத்துக்கும் பொதுவாக இல்லை. ஒரு பொருளின் கடைசி அடுக்காக நின்று, வெளியிலிருந்து வருவதை முதலில் எதிர்கொள்ளும் வேலைதான் பொதுவாக இருக்கிறது. ஆகவே இச்சொல்லை அந்த வேலையின் பெயராகக் கொள்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன்.

பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற இச்சொல், தொடக்கத்தில் கைவைத்த நீண்ட அங்கியைக் குறித்தது. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசமும் இதே பெயரைப் பெற்றது. கவசத்துக்கு மேல் வீரர்கள் அணிந்த துணி அங்கியில் தத்தம் குலச்சின்னத்தைப் பொறித்துக்கொண்டார்கள். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் இன்று வைத்திருக்கும் மரபுச் சின்னத்தின் ஆங்கிலப் பெயரில் ('கோட் ஆஃப் ஆர்ம்ஸ்') கோட் என்ற சொல் இருப்பதற்கு அந்த அங்கியே காரணம். இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளிப்பது பெட்டிகோட். 'சிறிய கோட்' என்பதே அதன் பொருள். முதலில் அது ஆண்கள் மேலங்கிக்கு உள்ளே போட்டுக்கொண்ட குட்டைச் சட்டையாக இருந்தது. பிறகுதான் பெண்களின் உள்பாவாடைக்குப் பெயராயிற்று. வெளியுடையின் பெயரைச் சுமந்துகொண்டு முழுவதும் உள்ளே போய்விட்ட, கோட் குடும்பத்தின் ஒரே உறுப்பினர் என்று அதைச் சொல்லலாம்.

உடை என்ற அளவில் கோட்டுக்கு இரண்டு கடமைகள் உண்டு: நீரையும் காற்றையும் வெளியே நிறுத்துவது, உடலின் வெப்பத்தை உள்ளே காப்பது. ஒரே துணியால் இரண்டையும் நன்றாகச் செய்வது கடினம். ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மெக்கின்டாஷ், நாப்தா என்ற கரைப்பான் திரவத்தில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஒட்டும் முறைக்கு 1823-ல் காப்புரிமை பெற்றார். மழை நின்றது, ஆனால் வெயிலில் அந்தக் கோட் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840-களில் நடைமுறைக்கு வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது. வெப்பத்தைப் பொறுத்தவரை, எந்தக் கோட்டும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கும் அடுக்குகளுக்கும் நடுவே அசையாமல் அடைபட்ட காற்றுதான் உடலின் சூட்டை வெளியேற விடாமல் தடுக்கிறது. குளிருக்கான கோட்டைச் சற்றுத் தளர்வாக வாங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்: இறுக்கிப் பிடித்தால் உள்ளடுக்குகள் நசுங்கி, காற்று நிற்க இடமில்லாமல் போகும்.

குளிர்ப்பகுதி நாய் இனங்கள் பலவற்றின் ரோமத்துக்கும் ஆங்கிலத்தில் கோட் என்றே பெயர், அதுவும் இரட்டைக் கோட். வெளியே இருக்கும் முரட்டு முடி நீரை உதறித் தள்ள, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற முடி காற்றைப் பிடித்து வைக்கிறது. மெக்கின்டாஷ் தீர்க்கப் பார்த்த சிக்கலுக்கு உயிரினங்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்ட விடை இது.

பெயிண்டர்கள் சொல்லும் 'கோட்' உடையிலிருந்து விலகியது போலத் தெரிந்தாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு சுவரைப் பற்றிக்கொள்ள, கடைசிக் கோட் வெயிலையும் மழையையும் தாங்குகிறது. முதல் கோட் காயாமல் அடுத்ததை அடித்தால் இரண்டும் சேர்ந்தே உரிந்துவிடக்கூடும்.

மாத்திரையில் இந்தப் பொருள் இன்னும் நுட்பமாகிறது. கசப்பை மறைக்கும் சர்க்கரைப் பூச்சு எளிய வகை. வேறு சில மாத்திரைகளின் மேலடுக்கு இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் நின்று, அமிலம் குறைந்த சிறுகுடலை அடைந்த பிறகே கரையும்படி செய்யப்படுகிறது. சில மருந்துகள் அமிலத்தில் சிதைந்துவிடும், சில இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இத்தகைய மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்கினால் அந்தக் காப்பு முழுவதும் வீணாகும். ஆகவே விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று மாத்திரையை உடைப்பவர்கள், முதலில் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.