நடுராத்திரியில் மட்டும் லேட்டாகும் பாக்கெட்டுகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. கேட்டில் லாரி நுழைந்ததும் ஆர்எஃப்ஐடி ரீடரும் கேமராக்களும் அனுப்புவதை, நெட்வொர்க்கில் ஓடுவதன் நகலைத் தரும் 10 கிகாபிட் மிரர் போர்ட்டிலிருந்து பிடித்து அலசும் லினக்ஸ் பெட்டி. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எதுவும் தொலையவில்லை, டிராப் எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் அலர்ட் சில சமயம் ஒரு நொடி வரை பிந்தி வந்தது. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் இந்தத் தொல்லை இல்லை. நள்ளிரவு தாண்டி லைன் காலியாகக் கிடக்கும்போதுதான்.

பாக்கெட்டுகள் தற்காலிகமாகத் தங்கும் பஃபரைப் பெரிதாக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 2 எம்பியை 64 எம்பி ஆக்கியும் ஒரு மில்லிசெகண்டுகூடக் குறையவில்லை. குறையவும் குறையாது. பஃபர் டிராப்புக்கு மருந்து, தாமதத்துக்கு அல்ல.

முதலில் அளக்க வேண்டும். உங்கள் புரோகிராமில், பாக்கெட் வந்ததும் அழைக்கப்படும் கால்பேக் ஃபங்ஷனுக்குள் நுழைந்தவுடன் சிஸ்டம் நேரத்தை எடுத்து, அதிலிருந்து பாக்கெட்டைப் பிடித்தபோது அதன் ஹெடரில் பதிந்த நேரத்தைக் கழியுங்கள். வரும் விடைகளை 10 மில்லிசெகண்டு இடைவெளிகளாகப் பிரித்து, எதில் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். திரையில் ஒவ்வொன்றாக அச்சிடாதீர்கள், அச்சிடுவதே தாமதமாகிவிடும். எங்களுக்குக் கிடைத்த படம் 0 முதல் 1000 மில்லிசெகண்டு வரை கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது. சிபியு திணறினால் இப்படி வராது. பெரும்பாலானவை சீக்கிரம் வந்து, சில மட்டும் வால் பிடித்தாற்போல் பின்தங்கும். தட்டையாகவும், சரியாக 1000-த்தில் வெட்டினாற்போலவும் முடிந்தால் பின்னால் ஒரு டைமர் இருக்கிறது என்று அர்த்தம்.

மின்ட் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும். நிரம்பாவிட்டால் டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருப்பவர்களோடு கிளம்புவார். முதலில் ஏறி உட்கார்ந்தவருக்குத்தான் காத்திருப்பு அதிகம். பாக்கெட் பிடிக்கும் நூலகமான லிப்பிகேப் (libpcap) லினக்ஸில் பயன்படுத்தும் டிபாக்கெட் வி3 (TPACKET_V3) என்ற முறையும் இதே மாதிரிதான். லினக்ஸின் மையமான கர்னல், பாக்கெட்டுகளை ஒரு பிளாக்கில் அடுக்கும். பிளாக் நிரம்ப வேண்டும், அல்லது டைம்அவுட் முடிய வேண்டும். அதுவரை உங்கள் புரோகிராமை எழுப்பாது.

எங்கள் பிளாக் 256 கேபி. 1 கிகாபிட் வேகத்தில் அது சுமார் 2 மில்லிசெகண்டில் நிரம்பும். ராத்திரி 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் 2 நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் டைம்அவுட் முந்திக்கொள்ளும். பழைய கோடில் யாரோ அதை 1000 மில்லிசெகண்டு என்று போட்டிருந்தார்கள். பகலில் வேகமாகவும் ராத்திரியில் மந்தமாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம்.

டைம்அவுட்டை 10 ஆக்கியதும் படம் 0–10 மில்லிசெகண்டுக்குள் சுருங்கியது. லைன் அமைதியாக இருக்கும்போது நொடிக்கு அதிகபட்சம் சுமார் 100 முறை எழுப்பும், அது ஒரு சுமையே இல்லை. 0 போட்டால் தாமதமே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். லிப்பிகேப் ஆவணமே 0 வேண்டாம் என்கிறது. 1 போட்டாலும் 1 கிடைக்காமல் போகலாம். கர்னல் டைமர் 250 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு டிக்கே 4 மில்லிசெகண்டு.

பாக்கெட் வந்தவுடனே எழுப்பும் இமீடியட் மோட் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லிப்பிகேப்பின் பிகேப் ஓபன் லைவ் (pcap_open_live) ஃபங்ஷன் வழியாக அதை வைக்க முடியாது. பிகேப் கிரியேட் (pcap_create) செய்து, மோடை வைத்து, பிறகுதான் ஆக்டிவேட் செய்ய வேண்டும். வைத்ததும் லிப்பிகேப் வி3-ஐ விட்டு வி2-க்கு இறங்கிவிடும். அதில் பாக்கெட்டுக்கு ஒரு நிலையான அறை, மொத்தமாக அள்ளித் தரும் வசதி போய்விடும். 10 கிகாபிட்டில் 64 பைட் பாக்கெட்டுகள் நிறைந்து வந்தால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல், ஒன்றுக்கு 67 நானோசெகண்டு. அங்கே இந்த மோட் தாங்காது. ரீடர் செய்திகளை மட்டும் ஃபில்டர் போட்டுப் பிடிக்கும் தனி சாக்கெட்டுக்கு அதைக் கொடுத்தோம், மீதிக்கு வி3-யும் 10 மில்லிசெகண்டும். லிப்பிகேப்புக்குப் பதில் பிஎஃப் ரிங் (PF_RING) என்ற பிடிப்பு மென்பொருளை வைத்திருப்பவர்கள், அதில் ‘poll watermark’ என்ற அமைப்பைப் பாருங்கள். இத்தனை பாக்கெட் சேர்ந்தால்தான் எழுப்புவேன் என்று அடம்பிடிப்பது அதுதான்.

பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப்பை (tcpdump), வரி தேடும் கிரெப்புக்கு (grep) பைப் போட்டுவிட்டு லேட் என்று புலம்புவது வேறு கதை. பைப்புக்கு எழுதும்போது வெளியீடு வரி வரியாகப் போகாது, சேர்ந்துதான் போகும். டிசிபிடம்ப் கட்டளையில் சின்ன எழுத்து எல் (-l) சேர்த்தால் சரி. ஃபைலில் எழுதுவதற்குப் பெரிய எழுத்து யு (-U).

இதற்குப் பிறகும் மிஞ்சுவது மைக்ரோசெகண்டுக் கணக்கு. நெட்வொர்க் கார்டும் இன்டரப்டை (சிபியுவைக் கூப்பிடும் மணியை) சேர்த்துவைத்தே அடிக்கும். கார்டின் அமைப்புகளைக் கையாளும் ஈத்டூல் (ethtool) கட்டளையில் சின்ன சி (-c) போட்டால் அந்த அமைப்பைக் காட்டும், பெரிய சி (-C) போட்டால் மாற்றலாம். காத்திருப்பைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் ஆர்எக்ஸை (adaptive-rx) அணைத்து, எத்தனை மைக்ரோசெகண்டு காத்திருப்பது என்று சொல்லும் ஆர்எக்ஸ் யுசெக்ஸை (rx-usecs) 10-இல் வைத்தோம். 0 வைத்தால் டிராஃபிக் கூடும்போது இன்டரப்டைக் கவனிக்கவே சிபியு போதாது.

இந்தத் தாமதம் மேலே சொன்ன அளவீட்டில் தெரியவே தெரியாது. ஹெடரில் பதியும் மென்பொருள் நேரமுத்திரை, பாக்கெட் கர்னலின் கைக்கு வந்த பிறகுதான் விழுகிறது. அதற்கு முன் கார்டில் காத்துக் கிடந்த நேரம் கணக்கிலேயே வராது. அதைப் பார்க்க, கார்டே போடும் ஹார்டுவேர் முத்திரை வேண்டும். வாங்கும் முன் ஈத்டூலில் பெரிய டி (-T) போட்டு, ரிசீவ் ஃபில்டரில் ‘ஆல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் 82599 கார்டு, பிடிபி (PTP, நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் முத்திரை போடும், இன்டெல் எக்ஸ்550 எல்லாவற்றுக்கும் போடும்.

முத்திரை கிடைத்ததும் ஒரு வேடிக்கை காத்திருக்கும். கார்டின் கடிகாரம் பிடிபி வழியாக டிஏஐ (TAI) என்ற அணுக்கடிகார நேரத்தில் ஓடினால், அது 2017 முதல், கணினிகள் பின்பற்றும் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 37 நொடி முந்தி நிற்கிறது. பிடிபடுவதற்கு 37 நொடி முன்பே பாக்கெட் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு மைனஸில் காட்டும். புரோகிராமில் அந்த 37-ஐ முத்திரையிலிருந்து கழித்துவிட்டு அளவீட்டைத் தொடருங்கள்.