வாரம் ஒரு கிளாஸ்: நாசிக் நாட்குறிப்பு

ஜனவரி 27, 2024, சனி

நாசிக்கிற்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகிறது. கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன் நான். இங்கேயும் ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் திராட்சைதான். ஆனாலும் இந்த ஊர் ஒயினில் எனக்குத் தெரிந்த பெயர் சூலா ஒன்றுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ராஜீவ் சாமந்த் தொடங்கியது, 2022இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள சின்ன ஒயினரிகளில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

தெரியாத பெயரை நம்பி முழு பாட்டில் வாங்க மனசு வரவில்லை. அதனால் ஒரு முடிவு: அறுவடை முடியும் வரை வாரம் ஒரு கிளாஸ், ஒவ்வொரு முறையும் நான் குடித்திராத ஒருவருடையது. குடித்த அன்றைக்கே இங்கே எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

முதல் கிளாஸே ஏமாற்றம். ஊருக்குள் ஓர் உணவகம். யார்க் ஒயினரியின் ஷிராஸ் கேட்டேன். ஷிராஸ் என்பது சிவப்பு ஒயினுக்கான ஒரு திராட்சை வகை. மூக்கருகே கொண்டுபோனதும் ஊறுகாய்க் காடி வாடை. வாயில் வைத்தால் புளிப்பு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இந்தப் பெயரை இனி தொடக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். அந்த பாட்டில் கல்லாவுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், கால்வாசி நிறைந்து நின்றது. திறந்து எத்தனை நாளோ! மிச்சம் முக்கால் பங்கும் காற்று. ஒயினுக்குக் காற்று முதல் அரைமணி நேரம் நண்பன். நாள் கணக்கில் விட்டால் காடிதான். ஒயினைச் செய்தவர் ஒருவர், கெடுத்தவர் வேறொருவர், கெட்ட பெயர் மட்டும் செய்தவருக்கு. இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மும்பை நெடுஞ்சாலையில் இகத்புரி பக்கம், முக்னே அணைக்கு அருகே வலோனே. வண்டி ஓட்டியது அலுவலக நண்பர், அவர் குடிப்பதில்லை. சின்ன ஒயினரி. தண்ணீரைப் பார்த்தபடி உட்காரலாம்.

முதலில் வியோனியே. வெள்ளை ஒயின்தான், ஆனால் வாசனை மல்லிகைக்கும் பழுத்த மாம்பழத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. இனிப்பாக இருக்கும் என்று நினைத்துக் குடித்தால் இனிப்பே இல்லை. மூக்கு ஒன்று சொல்ல நாக்கு வேறொன்று சொல்கிறது.

அப்புறம் மால்பெக். பிரான்சில் பிறந்து அர்ஜென்டினாவில் பேர் வாங்கிய திராட்சை. கிளாஸைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், நடுவில் நாவல்பழச் சாறு போலக் கருமை. குடித்தபின் நாக்கில் நாவல்பழம் தின்ற அதே துவர்ப்பு. ஊற்றிக் கொடுத்த பையன் பாட்டிலைக் கொஞ்சம் குளிரவைத்தே கொண்டுவந்தான். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைக்குச் சொன்னது. பதினாறு, பதினெட்டு டிகிரிதான் சரி என்றான். இங்கே மதியம் முப்பதைத் தாண்டுகிறது. சூடான சிவப்பு ஒயினில் சாராய நெடிதான் முன்னால் வரும்.

பாட்டிலை எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். "காலையில்தான் சார்" என்றான், சந்தோஷமாக.

பிப்ரவரி 17, சனி

யார்க்கிற்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும் என்று அவர்கள் ஒயினரி இருக்கும் கங்காவர்ஹே கிராமத்துக்கே போனேன். கங்காபூர் அணை எதிரே விரிந்து கிடக்கிறது. யார்க் என்றதும் இங்கிலாந்து ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். யோகிதா, ரவி, கைலாஷ் என்று குர்னானி வீட்டுப் பிள்ளைகள் மூவரின் பெயர் முதலெழுத்தாம். கைலாஷ் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் ஒயின் படித்துவிட்டு வந்தவர். 2021இல் சூலா இதை வாங்கிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதே ஷிராஸ், புதிதாகத் திறந்த பாட்டில். மிளகு! இடித்த மிளகு வாசனை அப்படியே எழுந்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான் குடித்தது இதன் பிணம்.

பிப்ரவரி 21, புதன்

வேலை அதிகம். ஒன்றும் குடிக்கவில்லை. யார்க்கில் வாசலோரம் பார்த்த கொடிகளின் அடித்தண்டு மட்டும் மனசில் நிற்கிறது. என் கையளவு தடிமன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

திண்டோரியில் நண்பரின் பெரியப்பா தோட்டம். எல்லோரும் அவரைக் காகா என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பாதி நிலத்தில் சாப்பாட்டுத் திராட்சை, பாதியில் ஒயினுக்கான ஷிராஸ். நவம்பர் கடைசியில் பெய்த ஆலங்கட்டி மழையில் சாப்பாட்டுத் திராட்சை பெரும்பகுதி போய்விட்டது என்றார். சொல்லும்போது கொத்தைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிராஸ் கொத்து ஒன்றைக் கையில் கொடுத்தார். பழம் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது. கடித்தால் தோல்தான் நிறைய, உள்ளே விதை. தோலில்தான் நிறமும் துவர்ப்பும். சர்க்கரை இருபத்திரண்டு, இருபத்துநாலு பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் கணக்கு) ஏறிய பிறகே வெட்டுவார்களாம். இங்கே வருஷத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கொடியின் கிளைகளைக் கழித்துவிடுவது: ஏப்ரலில் ஒன்று, அதற்குக் கரட் சாட்ணி என்று பெயர்; மழை முடிந்ததும் கோடி சாட்ணி. ஆனால் அறுவடை ஒன்றுதான், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். பனி இறங்கும் ராத்திரிகளில் பழுப்பதால் புளிப்பு முழுதாகக் கரைந்துவிடாமல் நிற்கிறது.

ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இரண்டு கவாத்துப் பண்ணி ஒரே வெட்டா? நம்ம பன்னீர் திராட்சை ரெண்டு வருஷத்துல அஞ்சு வெட்டுக் குடுக்கும்ப்பா."

"இது ஒயினுக்குப்பா. கம்மியா காய்ச்சாதான் ருசி ஏறுமாம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வாசம் எப்படி? நம்ம பன்னீர் மாதிரி வருமா?" என்று கேட்டார்.

மிளகு வாசம் என்றேன். "திராட்சையிலயா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அறுபது வருஷம் பந்தலோடு வாழ்ந்த மனிதர். அவர் திராட்சையைப் பற்றி ஆச்சரியப்பட்டு நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 2, சனி

ஊருக்குள் நண்பர் சொன்ன ஒரு சின்ன ஒயின் பார். பட்டியலில் ரெவெய்லோவின் கிரில்லோ இருந்தது. ரெவெய்லோ நிபாட் வட்டத்தில் இருக்கிறது. சிசிலித் தீவின் திராட்சைகளான கிரில்லோவையும் நீரோ டாவோலாவையும் அந்த மண்ணில் நட்டவர்கள். இந்தப் பட்டியலில் நான் அதிகம் எதிர்பார்த்திருந்தது இதைத்தான்.

"கிளாஸாகக் கொடுக்க முடியாது சார்" என்றார் பரிமாறுபவர். ஏன் என்று கேட்டேன். ஒரு பாட்டில் எழுநூற்றைம்பது மில்லி, நூற்றைம்பது வீதம் ஐந்து கிளாஸ். ஒன்று மட்டும் விற்று நாலு நின்றுவிட்டால் நாளைக்கு அதை ஊற்ற அவருக்கு மனசு வராது. சிலர் கார்க்கை எடுக்காமலே ஊசி இறக்கி, எடுத்த ஒயினுக்கு ஈடாக ஆர்கான் வாயு நிரப்பும் கருவி வைத்திருக்கிறார்கள், நம்மிடம் அது இல்லை என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. பிப்ரவரி மூன்றாம் தேதி குடித்த காடி ஞாபகம் வந்தது.

பக்கத்து மேசையில் ஒரு தம்பதி, மெனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புதியவர்களிடம் பேசும் பழக்கம் கிடையாது. இருந்தாலும் எழுந்துபோய், என் அரைகுறை ஹிந்தியில், நிபாட் திராட்சை, சிசிலியிலிருந்து வந்தது, ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கினால் பாட்டிலைத் திறப்பார்கள் என்றேன். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊரே நிபாடாம்! "எங்க ஊர்லயா ஒயின் பண்றாங்க?" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். உடனே இரண்டு கிளாஸ் சொன்னார்.

கார்க் வந்த சத்தம் கேட்டது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டுமே, அந்த வாசனை. கடைசியில் லேசாக உப்புக் கரித்தது போல இருந்தது. அந்த அம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கி, லேபிளில் ஊர்ப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் கணவருக்கு விரல் வைத்துக் காட்டினார்.

நான் கிளம்பும்போது ஐந்தாவது கிளாஸ் வாசல் பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது.