புயல் எல்லை பார்ப்பதில்லை

2015 மார்ச்சில் பாம் புயல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைச் சிதைத்ததோடு நில்லாமல், அதன் பேரலைகள் தொலைவிலிருந்த மற்றொரு தீவு நாடான துவாலுவையும் தாக்கின. ஆகவே, குழந்தைகளுக்கான பேரிடர் ஆயத்தத்தைத் தனித்தனி நாடுகளின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கப்பல் வந்துசேரப் பல நாள் ஆகும் தீவுகளில், குடிநீர் சுத்திகரிப்பு மாத்திரைகளும் தற்காலிக வகுப்பறைக் கூடாரங்களும் புயல் பருவத்திற்கு முன்பே சேமிப்பில் இருந்தாக வேண்டும்.

என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது பள்ளிகள்தாம். அவையே புகலிடங்களாகவும் பயன்படுவதால், காற்று ஓய்ந்த பின்னும் வகுப்புகள் தொடங்காமல் போகின்றன. எத்தனை நாளில் கட்டடத்தைத் திருப்பித் தருவது, குடும்பத்தைப் பிரிந்த குழந்தையை எந்தப் படிவத்தில் பதிவது என்பனவற்றை நாடுகள் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் வனுவாட்டுவில், எச்சரிக்கையும் குழந்தைக்குப் புரியும் மொழியிலேயே சென்றுசேர வேண்டும்.