சுவர் காட்டிக்கொடுக்கும்

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் ராயபுரம் பக்கம் ஜியோகேச்சிங் தேடலில், யாரோ ஒளித்து வைத்த ஒரு டப்பா கிடைத்தது. எந்தத் தெரு, எந்த மூலை என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த நாட்குறிப்பே துப்பாகிவிடும். அடுத்துத் தேடி வருபவர் என்னைத்தான் திட்டுவார். சுண்டுவிரல் நுனியளவு உலோகக் குப்பி, அடியில் காந்தம். உள்ளே சுருட்டி வைத்திருந்த காகிதம் கடற்காற்றில் நமுத்துப்போய் வெளியே வர மறுத்தது. புருவம் திருத்தும் இடுக்கியை நான் கைப்பையில் வைத்திருப்பது இதற்காகத்தான். புருவம் எப்படியோ போகட்டும். பெயரையும் தேதியையும் எழுதி, மறுபடி இறுக்கிச் சுருட்டி உள்ளே தள்ளினேன்.

கூட வந்த அக்கா மகன் கைப்பேசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சித்தி, டப்பாவை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?”

“எடுத்துக்கொள். எங்கேயும் போடாதே.”

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு மரங்களுக்கிடையே வைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் அங்கிருந்து வளர்ந்தது. ஒருவர் ஒளித்து வைக்கிறார். மற்றவர்கள் தேடியெடுத்துக் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைக்கிறார்கள். கருவி நம்மைச் சில மீட்டர் தூரம் வரைதான் கூட்டிப்போகும். மிச்சத்தைக் கண்தான் தேட வேண்டும். அந்தச் சில மீட்டரில்தான் ஆட்டமே இருக்கிறது. படம் போடுபவர் அதைத்தான் தின்றுவிடுகிறார்.

ஜனவரி 7, புதன்

இன்று மதியத் தேநீர் வேளையில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். எரிச்சலாக இருக்கிறது.

யாரோ ஓர் இளைஞர் தான் கண்டெடுத்ததைப் படம் போட்டிருந்தார். நல்ல பிள்ளைதான், டப்பாவை உள்ளங்கையில் மூடி, விரலிடுக்கில் ஒரு துளிகூடத் தெரியாமல் பிடித்திருந்தார். ஆனால் கைக்குப் பின்னால் சுவர் இருந்தது. சுவரில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டி, அதன் அடியில் தெருப் பெயரோடு குடும்பத்தார் பட்டியல். இடது ஓரத்தில் ஒரு மாவு மில்லின் பெயர்ப் பலகை பாதி. வலது ஓரத்தில் மெட்ரோ தூண், அதன்மேல் எண். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகிற எவருக்கும் இதற்குமேல் என்ன வேண்டும்? டப்பாவை மறைத்தவர் ஊரையே படத்தில் வைத்துவிட்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்த யோசனைகளில் “டப்பாவைக் காட்டாதே” என்பதே பெரிதாக இருக்கும். அவர்கள் ஒளித்து வைப்பது பெரும்பாலும் காட்டில். பின்னால் மரம், அதற்குப் பின்னால் இன்னொரு மரம். வடசென்னையில் அது போதாது. இங்கே எழுத்தில்லாத சுவர் கிடையாது. கட்சிக்காரர் முன்பதிவு செய்து வைத்த சுவர், காதணி விழாவுக்கு வரவேற்கும் சுவர், ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று கெஞ்சும் சுவர். மின்கம்பத்துக்கு எண் உண்டு, படகுக்குப் பதிவெண் உண்டு, ஆட்டோவின் முதுகில் ஸ்டாண்டின் பெயர் உண்டு. படம் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது என் கைக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். கையை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அந்த இளைஞருக்குத் தனியாக எழுதினேன்: “தம்பி, படம் நன்றாக இருக்கிறது. சுவரை மட்டும் வெட்டிவிட முடியுமா?” எல்லாரும் பார்க்கும் இடத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு சண்டையாகியிருக்கும். அதைவிட மோசம், சுவரைக் கவனிக்காதவர்களும் போய்க் கவனித்திருப்பார்கள். டப்பா வைத்தவருக்கு அந்தப் படத்தைத் தாமே நீக்கிவிடும் உரிமை உண்டு. ஆனால் அவர் கண்ணில் படுவதற்குள் பத்துப் பேர் பார்த்துவிடுவார்கள். மாலைக்குள் படம் வெட்டப்பட்டு, வெறும் கையும் ஒரு புன்னகைக் குறியுமாக வந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

விடிவதற்கு முன்பே காசிமேடு. துறைமுகத்துக்குள் தேடவில்லை, அங்கே ஏலத்துக்கு நடுவில் குனிந்து எதையாவது துழாவினால் மீன் திருட வந்தவள் என்பார்கள். அக்கம்பக்கம்தான்.

டப்பா சற்றுப் பெரியது. உள்ளே இரண்டு கோலிக்குண்டுகள், ஒரு சாவிக்கொத்து, அடியில் ராணுவத்தார் கழுத்தில் மாட்டும் வில்லைபோல ஒரு தகடு. டிராவல் பக் என்பார்கள். ஒரு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொரு டப்பாவில் போட்டு ஊர் ஊராக அனுப்புவது. ஓரமெல்லாம் தேய்ந்து, துளையில் கோத்திருந்த சங்கிலி துருவேறி, நிறையக் கை மாறி வந்தது தெரிந்தது. பையன் ஆசையோடு படமெடுக்கப் போனான். தகட்டின்மேல் என் கட்டைவிரலை வைத்தேன்.

“இதைக்கூடவா மறைக்க வேண்டும்? இது எங்கே இருக்கிறது என்று படத்தில் தெரியாதே, சித்தி.”

இதில் மறைக்க வேண்டியது இடத்தை அல்ல, எண்ணை. எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கும் அடையாள எண் வேறு. தகட்டில் பொறித்திருக்கும் எண் வேறு. பொறித்த எண் தெரிந்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் என்று பொருள். படத்தில் அது தெளிவாக விழுந்துவிட்டால், ஊரைத் தாண்டாதவரெல்லாம் “நானும் பார்த்தேன்” என்று பதிந்துகொள்வார்கள். அனுப்பியவர் பாவம், தன் தகடு எங்கே இருக்கிறது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவை அவன் கேட்காமல் கிளிக் செய்துவிட்டான். “என்னை எடுத்து எங்கேப்பா போடப் போகிறாய்?” என்று அதட்டினார். இவன் விழித்தான். நான் விளக்கத் தொடங்கினேன். எண், டப்பா, செயற்கைக்கோள் என்று சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “சரி, இறாலும் தெரிகிற மாதிரி எடு” என்றார். அரைக்கிலோ வாங்காமல் வர முடியவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

வெளியே போகவில்லை. புகையும் பனியும் சேர்ந்து எதிர் வீடே மங்கலாகத்தான் தெரிகிறது. தண்டையார்பேட்டையில் இருக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், முந்தாநாளே தன் டப்பாவை எடுத்து வீட்டில் பத்திரப்படுத்திவிட்டாராம். பழையது எது கிடைத்தாலும் பிள்ளைகள் நெருப்பில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்.

பையன் ஒரு புதிர் டப்பாவைத் தனியாகப் போய்ப் பிடித்துவிட்டான். இந்த வகையில் டப்பாவின் இணையப் பக்கத்தில் கொடுத்திருக்கும் அட்சரேகை தீர்க்கரேகை சும்மா. புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். அது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் சுற்றுக்குள் எங்கேயோ இருக்கும். நான் அந்தப் புதிரோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். ஆகவே மிகவும் நாகரிகமாக, வானத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினான். அதுவும் வாட்ஸ்ஆப்பில் கோப்பாக, தரம் குறையக் கூடாதாம்.

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கி, அதோடு ஒட்டியிருக்கும் விவரங்களையும் உதிர்த்துவிடும். கோப்பாக அனுப்பினால் அப்படியே வரும். கேமராவில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெறும் வானம்தான், ஆனால் எந்த இடத்து வானம் என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் வரை சொல்லிவிடும். திறக்காமல் அழித்துவிட்டு, அவனை அழைத்து இருப்பிடப் பதிவை நிறுத்தச் சொன்னேன்.

“கோபமா, சித்தி?”

“புதிர் தீரட்டும், பிறகு சொல்கிறேன்.”

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

கடற்கரையெங்கும் தலைகள். இன்று தேடுவது மடத்தனம். ஒருவர் பார்த்துவிட்டால் நாளைக்கு டப்பா இருக்காது.

ஜனவரி 18, ஞாயிறு

பெரியவர் வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லப் போயிருந்தோம். படங்களைப் பற்றி டப்பா வைப்பவரின் கருத்தைக் கேட்க வேண்டுமென்று நெடுநாளாக ஆசை.

“படம் போடட்டும் அம்மா, வேண்டாம் என்று யார் சொன்னது? நான் எதைப் பார்க்கக் கூப்பிட்டேனோ, அதைப் போடட்டும்” என்றார்.

அவர் வைத்த ஒன்று ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்க வைப்பதற்காக. இதை அவரே அதன் இணையப் பக்கத்தில் எழுதியிருப்பதால் நான் சொல்வதில் குற்றமில்லை. 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அந்த முகப்புத் தூண்களை நிமிர்ந்து பார்க்காமல் தினம் எத்தனை ஆயிரம் பேர் போகிறார்கள் என்பது அவருடைய ஆற்றாமை. டப்பா நிலையத்துக்குள் இல்லை. ரயில்வே எல்லைக்குள் வைப்பதே கூடாது. வந்தவர்களில் பலர் தூண்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் அவருக்குப் பரம திருப்தி. ஒருவர் மட்டும் டப்பாவைப் பக்கவாட்டில், திறந்து, மூடி என மூன்று கோணத்தில் போட்டிருக்கிறார். “தூண் ஒன்றுகூட அந்த மனிதர் கண்ணில் படவில்லை!”

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு டப்பா நிரந்தரமாக எடுக்கப்பட்டுவிட்டால் அதன் படத்தைப் போடலாம், அதற்குமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்பது என் கட்சி. அவர் தலையை ஆட்டி மறுத்தார். இடம் போனாலும் தந்திரம் போவதில்லை. போலி ஆணித் தலைக்குள் ஒளித்த வித்தையை ஒருமுறை பார்த்துவிட்டவர், அடுத்து எங்கே போனாலும் ஆணியைத்தான் திருகிப் பார்ப்பார் என்றார். பழைய டப்பாக்களின் படத்தைக்கூடக் காட்டாவிட்டால் புதிதாக வைப்பவர்கள் எதைப் பார்த்துக் கற்பார்கள் என்று கேட்டேன். “தேடிக் கற்கட்டும்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் மனைவி கொடுத்த கரும்பை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

பையன் சொந்தமாக ஒரு டப்பா வைத்துவிட்டான். கடைக்காரரிடம் முறையாக அனுமதி வாங்கி, இன்னொன்றிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியையும் பார்த்துச் செய்தது. பல இரவுகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டி, எதைப் போலவோ செய்திருக்கிறான். எதைப் போல என்று கேட்காதீர்கள். நேரில் பார்த்த எனக்கே தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

இந்த வாரம் கண்டெடுத்தவர்கள் எல்லாரும் படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கடையின் சமோசாத் தட்டை. ஒருவர் அங்கே படுத்திருந்த ஆட்டை. மூன்றாமவர் தன் செருப்பை. சுவர் இல்லை, பலகை இல்லை, எண் இல்லை. குறை சொல்ல இடமே வைக்காத படங்கள்.

இரவு அழைத்தான். குரலில் உற்சாகமே இல்லை.

“இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறேன், ஒருவர்கூட டப்பாவைப் படம் போடவில்லையே, சித்தி!”

பெரியவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்த் தேடவிடச் சொன்னேன். அவர் எப்படியும் முதலில் ஆணியைத்தான் திருகுவார்.