கடைசி மக்கு தண்ணி

எங்க வீட்டு பாத்ரூம்ல ஷவர் இருக்கு, ஆனா அதுல தண்ணி வந்து நாலஞ்சு வருஷமாச்சு. போர் தண்ணி ஒரே உப்பு, ஷவர்ல இருக்குற ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சுகிச்சு, இப்ப அதுல துண்டுதான் தொங்குது. பச்சை பக்கெட்டு, சிவப்பு மக்கு, அவ்ளோதான் நம்ம குளியல். மக்கு கைப்பிடி உடைஞ்சு ரெண்டு வருஷம் இருக்கும், மாத்தணும்னு குளிக்கும்போது மட்டும்தான் ஞாபகம் வரும், கடைக்குப் போனா மறந்துடும்.

குழாய தொறந்து விட்டுட்டு நான் ஃபோனை பாத்துட்டு இருந்தா, அம்மா கிச்சன்ல இருந்தே "டேய் நிரம்பப் போகுது, மூடு"ன்னு கத்துவாங்க. எப்படிம்மா தெரியும்னு கேட்டா, சத்தம் மாறுதுல்லம்பாங்க. கவனிச்சுப் பாத்தேன், நிஜம்தான். காலி பக்கெட்டுல தடதடன்னு விழும், மேல ஏற ஏற சத்தம் சன்னமாயிட்டே போகும்.

மார்கழி வந்தா ராடு. 1500 வாட்ஸ் ராடுதான், ஆனாலும் 20 லிட்டர் பக்கெட்டு சூடாக அரை மணி நேரம் ஆகுது. அப்பா ப்ளக்கை புடுங்கி, ராடை வெளிய எடுத்தப்புறம்தான் உள்ளயே விடுவாரு. மேல கை வைக்க முடியாது, அடியில சில்லுனு இருக்கும், மக்கால நல்லா ஒரு கலக்கு கலக்கி, பச்சத்தண்ணி ஊத்தி விளாவணும். விளாவுறதுக்கு எல்லாம் அளவு கிடையாது, முழங்கைய விட்டுப் பாத்தா தெரியும். முதல் மக்கு காலுக்கு, தலைக்கு இல்ல, இது பாட்டி சொன்னது.

2019ல சென்னைக்கு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், அப்ப எங்க வீட்டுல ஆளுக்கு அரை பக்கெட்டு. மூணு மக்குல நனைஞ்சு, சோப்பு போட்டு, மிச்சத்துல அலசிடணும். ஒருநாள் கணக்கு தப்பி, கண்ணெல்லாம் சோப்பு, தடவித் தடவிப் பாத்தா பக்கெட்டு அடியில மக்கு கரகரன்னு ஒரசுது. தம்பி அவன் பங்குல இருந்து ரெண்டு மக்கு குடுத்தான், அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறான்.

இப்ப தண்ணிக்குக் கஷ்டம் இல்ல, பழக்கம் மட்டும் போகல, ஒரு மக்கு எப்பவும் மிச்சம் வெப்பேன். அது தரைக்கு. பாட்டி ஒருதடவ தரையில கிடந்த சோப்பு நுரையில வழுக்கிட்டாங்க, அதுல இருந்து தரைய அலசாம வெளிய வந்தா அம்மா துண்டோட திருப்பி உள்ள அனுப்பிடுவாங்க.