கொரோனா அலையில் ஆக்சிஜன் கணக்கு பார்த்த அனுபவம்

கொரோனா அலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் மருத்துவமனையில் ஆக்சிஜன் கணக்கை என் தலையில் கட்டினார்கள். நோயாளியைப் பார்க்க வேண்டிய டாக்டருக்கு எதற்கு இந்த ஸ்டோர் கீப்பர் வேலை என்றுதான் முதலில் தோன்றியது.

கட்டுப்பாட்டு அறைக்கு இரவுதோறும் ஒரு படிவம் போகும். எத்தனை படுக்கை காலி என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. காலி என்று எழுதினால் விடிவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். கட்டில் இருக்கும், அதில் படுப்பவருக்குக் கொடுக்க ஆக்சிஜன் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மூக்கில் வைக்கும் சாதாரணக் குழாய் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டருக்குள் போதும். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியை முழுவீச்சில் வைத்தால் 60 லிட்டர். 7,000 லிட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் அப்படி ஒருவருக்கே இரண்டு மணி நேரம்கூட வராது.

வார்டு வார்டாகப் போய், ஆக்சிஜன் ஓடும் அளவைக் காட்டும் ஒவ்வொரு ஃப்ளோமீட்டரிலும் உள்ளே மிதக்கும் சின்னக் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக் கூட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் போனால் கழற்றி வைத்த மாஸ்க்குகள் தலையணை மேல் சீறிக்கொண்டிருக்கும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 99 சதவீதம் இருந்தவருக்கும் 10 லிட்டர் ஓடியது. அந்த நேரத்தில் குறைக்க யாருக்குத்தான் கை வரும்? 92 முதல் 96 வரை இருந்தால் போதும் என்று முடிவுசெய்து, கூட்டவும் குறைக்கவும் நர்ஸ்களையே பொறுப்பாக்கினோம். குப்புறப் படுக்க வைத்ததில் சிலருக்கு இன்னும் குறைக்க முடிந்தது.

திரவ ஆக்சிஜன் டேங்க்கில் இருப்பு தாராளமாக இருந்த ஒரு அதிகாலை, கடைசி வார்டில் அழுத்தம் இறங்கி வென்டிலேட்டர்கள் அலறின. ஓடிப்போய்ப் பார்த்தால், திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் முழுக்க ஐஸ். திரவ ஆக்சிஜனின் கொதிநிலை மைனஸ் 183 டிகிரி. ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். அது வாயுவாக மாறும் வேகத்தை மீறி நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தோம். தண்ணீரைப் பீய்ச்சி ஐஸைக் கரைத்தோம். ஹை ஃப்ளோ நோயாளிகளை ஒரே லைனில் குவிக்காமல் பிரித்துப் போட்டோம். இன்னொரு வேப்பரைசர் வரும்வரை ஒரு கட்டில்கூடக் கூடுதலாகப் போடக் கூடாது என்று பயோமெடிக்கல் இன்ஜினியர் பிடிவாதமாக நின்றார். நிர்வாகத்துக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

அதன்பிறகு படிவத்தில் நாங்களாகவே இரண்டு கட்டம் சேர்த்தோம்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, இருப்பு எத்தனை மணி நேரம் வரும். "கேட்டதை மட்டும் எழுதுங்க டாக்டர்" என்று போன் வந்தது. சில நாளில் எல்லா மருத்துவமனைகளிடமும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். சிபாரிசு பிடிப்பவருக்கு முதலில் போன டேங்கர், மணி நேரம் குறைவாக இருப்பவருக்குப் போகத் தொடங்கியது.

இதில் எங்களுக்கும் ஒரு அடி விழுந்தது. இருப்பு ஒரு நாளைக்கு வரும் என்று எழுதிய இரவில், எங்களுக்கு வரவேண்டிய டேங்கரை வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்கள். "உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லி யார் கேட்டாங்க?" என்று சக டாக்டர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். டேங்கர் மறுநாள் மதியம் வந்தது. அதுவரை இருப்பு தாங்கியது.